க்ரேன் தீவில் நிரப்பி வைத்த தண்ணீர்

தாராவி,
ஏப்ரல் கடைசி சனிக்கிழமை, மதியம்

அன்பு மகள் ஜாய்க்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் தம்பி ரிஜோவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பெரிய வியாழனன்று நின்றுபோன மிக்ஸி மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை. நீயும் சுகம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஃபோனில் சொல்கிறாய், ஆனால் கொஞ்ச நாளாக உன் குரலைக் கேட்டால் அதில் பாதியைத்தான் நம்ப முடிகிறது. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், ஒரு பக்கத்துக்கு ஒரு டீ ஆகும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். ஃபோனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரிம்மா, புரிஞ்சிது, டியூட்டி இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். இதை அப்படி வைக்க முடியாது, மெதுவாகத்தான் போக முடியும். இன்னொரு காரணமும் உண்டு. நம் வீட்டில் ஃபோன் பேசினால் அது வீட்டோடு நிற்பதில்லை. நீ அன்றைக்கு அந்த ஜக்கு விஷயத்தைச் சொன்னபோது அடுத்த வீட்டு சவரியம்மாள் பெரியம்மா நம் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், என்னால் "ம்", "ம்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்த "ம்" எல்லாவற்றையும் நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இங்கே வெயில் தகரத்தைத் தொட முடியாதபடி காய்கிறது. நாளைக் காலையிலிருந்து மறுநாள் வரை தண்ணீர் வராது, பெரிய குழாயில் ஏதோ வேலையாம், நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஆகவே வழக்கம்போல இன்று விடியற்காலையிலிருந்து பிடித்துப் பிடித்து வீடு முழுக்கத் தண்ணீர். நீல டிரம்கள், குடங்கள், குக்கர், இட்லிக் கொப்பரை, அப்பா ஷேவ் பண்ணுகிற மக்கு, ரிஜோ கிரிக்கெட்டில் வாங்கிய கப், எல்லாம் நிறைந்து நிற்கின்றன. அந்தக் கப்பால் ஒரு பிரயோஜனம் உண்டு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நான் உட்கார்ந்து எழுத மிச்சம் இருப்பது ஒரு பாய் அளவு இடம், காலை நீட்டினால் குடத்தில் முட்டும். சவரியம்மாள் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சுஜா, தண்ணிக்குள்ள தீவு மாரில்லா உக்காந்திருக்க, போட்டு கீட்டு அனுப்பணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் இந்தக் கடிதத்தை எங்கே தொடங்குவது என்று எனக்குப் பிடிபட்டது. உன் தீவுகளிலிருந்தே தொடங்குகிறேன், பொறுமையாகக் கேள், ஜக்குக்கு வருவேன்.

ஹோட்டல் வேலைக்கு என்று நீ கடல் தாண்டி ஹார்லோ லேண்டிங் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, நான் வேலை பார்க்கும் காலேஜ் லைப்ரரியில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க உன் ஊரைத் தேடிப் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. உங்கள் ஊர் மியூசியம் பழைய ஃபோட்டோக்களையும் தபால் கார்டுகளையும் நெட்டில் போட்டு வைத்திருக்கிறது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துப் போட்டார்களோ, மாட்டுங்காவில் ஒருத்தி டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறாள். என்னோடு வேலை செய்யும் ஃபர்ஸானா, "க்யா சுஜா, உதர் எலெக்‌ஷன் லட்னே கா ஹை க்யா?" என்று தினமும் கேலி செய்கிறாள், அங்கே போய் எலெக்‌ஷனில் நிற்கப் போகிறேனாம். எனக்கு முதலில் விளங்காதது ஒன்றே ஒன்றுதான். நம் சந்தின் நீளம்கூட இல்லாத ஒரு பாறை, அதில் நாலு பைன் மரம், சுற்றிலும் ஆறு, அங்கே போய்த் தனியாக இருக்க ஒரு மனிதன் ஏன் ஆசைப்பட வேண்டும்? நாம் இருப்பதும் ஒரு காலத்தில் தீவுகள்தானே, மாஹிம் ஒரு தீவு, பரேல் ஒரு தீவு, நடுவில் சேறும் உப்பங்கழியும். அவற்றை மண்ணைக் கொட்டித் தூர்த்து ஒன்றாக்கினார்கள், தூர்த்த இடத்திலும் இடம் போதாமல் நாம் ஒருவர் தலைமேல் ஒருவர் வீடு கட்டிக்கொண்டோம். இங்கே தீவைத் தீவாக இருக்க விடக்கூடாது என்று இத்தனை பாடு, அங்கே அது தீவாகவே இருக்க வேண்டும் என்று அத்தனை செலவு. இரண்டு ஊரும் தண்ணீரைப் பார்த்துத்தான் பிழைத்தன, ஆனால் எதிர் எதிர்த் திசையில்.

படித்ததில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து, அங்கே இருப்பவள் நீ. கோடைக்கு அந்தத் தீவுகளுக்கு முதன்முதலில் வந்துபோனவர்கள் அந்த மண்ணின் பழங்குடி ஜனங்கள், மீன் பிடித்துக் காயவைத்துக்கொண்டு குளிருக்கு முன் கிளம்பிவிடுவார்களாம். அவர்கள் அப்புறம் ஏன் வரவில்லை, யார் வர வேண்டாம் என்றது என்பதை மியூசியம் ஒரே வரியில் தாண்டிவிடுகிறது. அந்த ஒரு வரியைத்தான் நான் நிறையத் தரம் படித்தேன். பிறகு சர்க்கார் ஒவ்வொரு தீவுக்கும் நம்பர் போட்டு விற்றது, அதைப் படித்தபோது நம் கதவில் சர்வேக்காரர்கள் பெயிண்டால் நம்பர் எழுதிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. முதலில் வாங்கியவர் பணக்காரர்கூட இல்லை, ஒரு போதகர். பெரிய தீவில் கூடாரங்கள் அடித்துக் கோடையில் ஜெபக்கூட்டம் நடத்தினார். ஜெபத்துக்கு வந்த ஜனம், காற்று நன்றாக இருக்கிறதே, மீன் நன்றாக இருக்கிறதே என்று கூட்டம் முடிந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. திருவிழாவுக்கு நாலு நாள் என்று ஊருக்குப் போன சவரியம்மாள் பெரியம்மா பள்ளிக்கூடம் திறந்த பிறகு வந்தார் இல்லையா, அதே கதை. கூடாரம் இருந்த இடத்தில் மரவீடு வந்தது, மரவீட்டுக்கு வராண்டா, வராண்டாவுக்கு ஆடுநாற்காலி. ரயில் வந்தது, ரயிலிலிருந்து இறங்கினால் அதே மேடையிலிருந்து நீராவிப் படகு. பெரிய நகரத்துப் பணக்காரர்கள் வந்தது அதற்கு அப்புறம்தான். ஒருவர் தன் தீவில் கோபுரம் வைத்து வீடு கட்டினாராம், எதிர்த் தீவுக்காரர் அதைவிட ஒரு ஆள் உயரம் கூட்டிக் கட்டினாராம். பிறகு சனிக்கிழமை சாயங்காலம் யார் தீவில் அதிக விளக்கு எரிகிறது என்று போட்டி. அதைப் பார்க்க டிக்கெட் போட்டுப் படகு விட்டார்கள், அதுதான் இன்றைக்கும் உங்கள் ஹோட்டல் நடத்துகிற படகுச் சவாரிக்கு ஆரம்பம். அக்கம்பக்கத்துப் பொறாமையை வெளியூர்க்காரன் காசு கொடுத்து வந்து பார்ப்பதா என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். அப்பா பை தைக்கிற பேக் கம்பெனியிலிருந்து வந்த அலுப்போடு, "அத நம்ம சந்துல சும்மாவே பாக்கலாமேட்டி" என்றார். ஒரு மரமாவது நின்றால்தான் தீவு, இல்லாவிட்டால் வெறும் பாறை என்று உங்கள் படகில் சொல்வார்கள் என்றாயே, அதையும் சொன்னேன். "அப்பம் நம்ம சந்தும் தீவுதான், முருங்கை நிக்குதுல்லா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அப்புறம் ஒவ்வொன்றாக எரிந்திருக்கின்றன, தீவுகளில் கட்டியிருந்த ஹோட்டல்கள். சுற்றிலும் ஆறு இருந்தும் எரிந்தன, ஏனென்றால் எல்லாம் மரம், எரியும்போது பெரும்பாலும் உள்ளே ஆள் இல்லை, பூட்டிவிட்டுப் போன நேரம். கார் வந்ததும் ஜனங்களுக்கு ஒரே இடத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கப் பொறுமை போய்விட்டது. கோபுர வீடுகளில் புறா குடியிருந்தது. பல வருஷம் கழித்து, பழசு என்பதே பார்க்க வேண்டிய பொருள் ஆனபோதுதான் தீவுகளுக்கு மறுபடியும் மதிப்பு. அப்போது முழுசாக மிஞ்சியிருந்தது எது என்று பார்த்தால், கோபுரக்காரர்களின் தீவுகள் இல்லை, நீ கோடையில் வேலை செய்கிற, உங்கள் ஹோட்டலின் க்ரேன் தீவு. அது பணக்காரத் தீவே இல்லை. இப்போதைய முதலாளியம்மா மிஸஸ் விட்லியின் கொள்ளுப்பாட்டி அங்கே டீச்சர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் அறை வாடகைக்கு விட்டிருக்கிறார். வசதி இல்லாததால் எதையும் இடித்துக் கட்டவில்லை, எதையும் தூக்கிப் போடவில்லை. அதனால்தான் அறைக்கு அறை அந்தப் பீங்கான் ஜக்கும் அதன் கீழே வைக்கும் பேசினும், நீலப் பூப் போட்டது, அப்படியே இருந்தது. நீ முதல் கோடையில் எனக்கு அனுப்பிய ஃபோட்டோவில் ஜன்னல் ஓரம் ஒன்று இருந்தது, வெயில் பட்டு. இவ்வளவு அழகான பொருளை யாரும் உபயோகிக்காமல் வைத்திருக்கிறார்களே என்று நான் அப்போதே கேட்டேன், "ஷோவுக்கும்மா" என்றாய்.

இப்போது நடந்ததை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். அக்டோபரில் சீசன் முடிந்து தீவை மூடும்போது, திங்கட்கிழமை தண்ணீரை நிறுத்தப் போகிறோம் என்று மேனேஜர் எல்லாருக்கும் சொன்னார். நீ ஞாயிறு சாயங்காலம், மறுநாள் துடைக்க வருகிற பெண்களுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று, சமையலறைச் சட்டி பானைகளை நிரப்பினாய், மாடி அறைகளில் இருந்த ஜக்குகளையும் விளிம்பு வரை நிரப்பி வைத்தாய். திங்களன்று உன்னைக் கரையில் இருக்கும் டவுன் ஹோட்டலுக்கு வரச் சொல்லிவிட்டார்கள், துடைக்கும் பெண்கள் கீழ்த்தளத்தோடு வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். குளிரில் உறைந்து வெடிக்காமல் இருக்கக் குழாய்களைக் காலி செய்ய வந்த ப்ளம்பர் டக் தன் வேலையை முடித்துப் பூட்டிவிட்டுப் போனார், ஷோவுக்கு வைத்த ஜக்கை அவர் ஏன் எட்டிப் பார்க்கப் போகிறார். அப்புறம் குளிர். கணப்பு இல்லாத வீட்டில் தண்ணீர் உறைந்து உப்பி, ஜக்குகள் வெடித்துவிட்டன. இந்த மாதம் பனி உருகி முதல் படகில் போனவர்கள் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள், ஈரத்தில் மாடித் தரைப்பலகையும் நெளிந்து கிடந்தது. நீ இரண்டாவது படகில் போய் இறங்குவதற்குள் டக்தான் செய்தார் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். குழாயில் மிஞ்சிய தண்ணீரைக் கைக்குக் கிடைத்ததில் பிடித்து வைத்துவிட்டு, சோம்பேறித்தனத்தில் கொட்டாமல் போய்விட்டார் என்று. இல்லை, நான் பக்கெட்டில்தான் பிடித்தேன் என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை, இனி உங்களைக் கூப்பிட மாட்டோம் என்று சொல்லியாகிவிட்டது. பனியில் பஸ் வராத ஞாயிறுகளில் உன்னைத் தன் வண்டியில் பூசைக்குக் கூட்டிப்போன டக் அவர்தான் என்று நீ சொல்லவில்லை, ஆனால் எனக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கிறது. அடுத்த சீசனுக்கு உன்னை வைத்துக்கொள்வதாகக் கடிதம் கொடுக்க வேண்டியவர் அதே மேனேஜர், அந்தக் கடிதம் இல்லாமல் பர்மிட் நீட்டிப்புக் கிடையாது. "சோடோ ம்மா, விடு, யாருக்கும் தெரியாது, அவருக்கு வேற வேலை கெடைக்கும்" என்றாய். இதுதானே?

நான் உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, ஆச்சரியம். நான் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தேன், நாளைக்குத் தண்ணீர் நின்றுவிடும் என்று சொன்னால் என்ன செய்வாய் என்று. சவரியம்மாள் பெரியம்மா, "இதென்னட்டி கேள்வி, புடிச்சி வைப்பேன், பின்ன உன்ன மாரி புஸ்தகமா படிச்சிக்கிட்டு இருப்பேன்?" என்றார். ஃபர்ஸானா, "பர்கே ரக்கூங்கி, நஹி தோ ஸாஸ் முஜே ஹி நிச்சோட்கே பீ ஜாயேகி" என்றாள், நிரப்பி வைக்காவிட்டால் மாமியார் அவளையே பிழிந்து குடித்துவிடுவாளாம். ஆபீஸில் இருக்கும் ரஞ்சனா மாமியிடமும் கேட்டேன், மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருப்பவர், கட்டடத்துக்கு மேலே பெரிய டேங்க் உண்டு. "டேங்க் இருக்கு, ஆனாலும் மனசு கேக்காது, வெள்ளிக் கிண்ணம் வரைக்கும் ரொப்பி வெச்சுடுவேன்" என்றார். அப்போது நான் அவரிடம் கேள்வியைத் திருப்பிக் கேட்டேன், தண்ணீர் நிற்கப் போகிறது என்று தெரிந்தால் இருக்கிற தண்ணீரையும் கொட்டிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கிறவர்கள் உண்டா மாமி என்று. "கொட்டுவாளா? யாராவது கொட்டுவாளோடீ? பைத்தியமா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். ஜாய், அந்தப் பார்வையில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. உன் ஊரில் நீ நிரப்பினதைக் கேட்டால் அவர்கள் முகமும் அப்படித்தான் இருக்கும். தண்ணீர் நிற்கும் என்றால் அங்கே கொட்டுவார்கள், இங்கே நிரப்புவோம், இரண்டு பேருக்கும் அது யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. அதனால்தான் அந்த மேனேஜர் டக்கைப் பிடித்தார். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. ஒரு பெண் வேண்டுமென்றே, நல்லதென்று நினைத்து, அறை அறையாகப் போய்ப் பூப் போட்ட ஜக்குகளை நிரப்பி வைத்திருப்பாள் என்பது அந்த ஊரில் ஒருவர் கற்பனைக்கும் எட்டாது. தானாகத் தெரிய வருவதற்கு வழியே இல்லை. யாருக்கும் தெரியாது என்று நீ தைரியத்துக்குச் சொன்னாய், எனக்கு அதைக் கேட்டுத்தான் பயம் வந்தது, ஏனென்றால் அது உண்மை. நீ ஒருத்தி சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் டக் சாகும்வரை ஜக்கை உடைத்தவர்தான்.

இன்னொன்று காட்ட வேண்டும் உனக்கு. மியூசியத்தின் படங்களில் க்ரேன் தீவு என்று போட்டுத் தேடினேன். விருந்தாளிகள் வராண்டாவில் உட்கார்ந்திருக்கிற படங்கள் நிறைய, அவர்கள் பெயரெல்லாம் கீழே வரிசையாக இருக்கிறது. ஒரு நாய் மட்டும் தனியாக நிற்கிற படம் உண்டு, நாயின் பெயர்கூட இருக்கிறது, பட்டன். படகுத்துறைப் படிக்கட்டில் வெள்ளை ஏப்ரன் கட்டிய பெண்கள் ஐந்தாறு பேர், உன் வயதுதான் இருக்கும், ஒருத்திக்கு சிரிப்பு அடக்க முடியவில்லை, அந்தப் படத்தின் கீழே "அந்த வருஷத்து வேலைக்காரர்கள்" என்று மட்டும்தான். குழாய் போடாத காலத்தில் காலையில் தண்ணீர் இறைத்து மாடிக்குத் தூக்கிப்போய் அந்த ஜக்குகளை நிரப்பியவர்கள் இவர்கள்தானே. விளக்குப் போட்டி, கோபுரம், நெருப்பு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்கள், ஒருவர் காலையில் எழுந்து முகம் கழுவ அந்தத் தண்ணீர் எப்படி மேலே வந்தது என்று எங்கும் ஒரு வரி இல்லை. அதே வரிசையில் இன்னொரு படம், சீசன் முடிவு என்று எழுதியிருக்கிறது. வராண்டாப் பலகையில் அந்த ஜக்குகளை வரிசையாகத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். முன்பு ஒருமுறை இதைப் பார்த்தபோது கழுவிக் காயவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். நீ சொன்ன பிறகு பார்த்தால்தான் தெரிகிறது, அது குளிருக்கு முன் செய்கிற காரியம். அந்தப் பெண்களுக்கு நிரப்பவும் தெரிந்திருந்தது, கவிழ்க்கவும் தெரிந்திருந்தது. குழாய் வந்த பிறகு நிரப்புவது நின்றது, நிரப்புவது நின்றதால் கவிழ்க்க வேண்டும் என்பதும் மறந்துபோனது. உனக்கு யாரும் சொல்லாதது, சொல்ல வேண்டும் என்று அங்கே இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லாததால்தான். நூறு வருஷம் சும்மா இருந்த ஜக்குகளில் மறுபடியும் தண்ணீர் ஊற்றியவள் தாராவிக்காரி என்று நினைத்தால் எனக்கு, அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியவில்லை. நாளைக்கு நம் சந்து வீடுகளை இடித்து மாடி வீடு கொடுத்து, குழாயில் எந்நேரமும் தண்ணீர் வந்துவிட்டால், நம் நீல டிரம்மையும் யாராவது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்களோ என்னவோ. அப்போது யாராவது வந்து அதை நிரப்பினால் நான் கோபப்பட மாட்டேன்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீ போய்ச் சொல்லிவிடு. மேனேஜரிடம் இல்லை, மிஸஸ் விட்லியிடம் நேராகப் போ, முடிந்தால் டக்கும் அங்கே நிற்கும்போது. சாரி சாரி என்று ஆரம்பிக்காதே, நீ சின்ன வயதிலிருந்தே சாரி சொல்லிச் சொல்லி விஷயத்துக்கு வருவதற்குள் அழுதுவிடுவாய், கேட்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. முதலில் நடந்ததைச் சொல், எங்கள் வீட்டில் தண்ணீர் நிற்கும் என்றால் நாங்கள் இப்படிச் செய்வோம் என்று சொல், சாரி அதற்கு அப்புறம். இந்தக் கடிதத்தோடு நம் வீட்டு ஃபோட்டோ ஒன்றும் அனுப்புகிறேன், இன்றைக்கு எடுத்தது, கொப்பரை, குக்கர், கிரிக்கெட் கப் எல்லாம் தெரியும். அதைக் காட்டு. நம்பாவிட்டால் போகட்டும், ஆனால் பார்க்கட்டும். வேலை போய்விடுமா என்று கேட்டால் போகலாம், போகாது என்று உனக்கு எழுதித் தர என்னால் முடியாது. போனால் போகட்டும் என்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை, நீ அந்தப் பர்மிட்டுக்காகப் பட்டது எனக்குத் தெரியும். திரும்பி வர வேண்டியிருந்தால் வா, பரண் மேல் உன் படுக்கை அப்படியே இருக்கிறது, ரிஜோவின் புத்தகங்களை மட்டும் இறக்க வேண்டும். அப்பாவுக்குத் தெரியுமா என்று நீ யோசிப்பாய். நான் சொல்லவில்லை, ஆனால் இந்த வீட்டில் எதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாம் நாளே சட்டை மாட்டிக்கொண்டு, "அந்த ப்ளம்பருக்கு புள்ள குட்டி இருக்கா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். செருப்பைக் காலில் மாட்டினார். "ரொப்பி வச்சதுக்கு அவள ஒண்ணும் சொல்லாத. வேற என்ன செய்வா புள்ள. ஆனா அந்த மனுசன் செய்யாததுக்குப் பழி சொமந்து நிக்கது சரியில்ல" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அன்றிலிருந்து தினமும் ராத்திரி ஜெபமாலையில் பேர் சொல்லாமல் ஒரு ப்ளம்பருக்காகவும் வேண்டிக்கொள்கிறோம்.

மிஸஸ் விட்லியிடம் பேசி முடித்த பிறகு, அவர் முகம் பேசுகிற மாதிரி இருந்தால் மட்டும், எனக்காகச் சிலது கேட்டுக்கொண்டு வா. அந்த ஏப்ரன் பெண்களின் பெயர் அவர் வீட்டில் யாருக்காவது தெரியுமா, சிரிப்பை அடக்க முடியாமல் நின்றவள் யார், தண்ணீரை ஆற்றிலிருந்தே இறைத்தார்களா கிணறு இருந்ததா, தூக்கும்போது தலையில் வைத்தார்களா இடுப்பிலா. அவர்கள் இடுப்பில் வைத்திருக்க மாட்டார்கள் என்று ஃபர்ஸானா பந்தயம் கட்டியிருக்கிறாள். உடையாமல் மிஞ்சிய ஜக்கு ஒன்றாவது இருந்தால் எத்தனை டம்ளர் தண்ணீர் பிடிக்கும் என்றும் பார்த்துச் சொல். இனிமேல் அதைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று அங்கே நீதான் சொல்ல வேண்டும், வேறு யாருக்குத் தெரியும்.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, ஆற்றுக் காற்றில் ஈரத் தலையோடு நிற்காதே, ஞாயிறு பூசையை விடாதே, டக் வண்டி வராவிட்டால் நடந்தாவது போ. மாதா உன் கூடவே இருந்து, நீ பேச வேண்டிய இடத்தில் உன் நாக்கைக் கட்டாமல் காக்க வேண்டும். சொல்லி முடித்த அன்றைக்கு ஃபோன் பண்ணு, என்ன ஆனாலும் பண்ணு. நாங்கள் சாப்பிட உட்காருகிற நேரத்துக்குப் பண்ணினால் எல்லாரும் இருப்போம், வாசலில் சவரியம்மாள் பெரியம்மாவும் இருப்பார். ஸ்பீக்கரில் போடுகிறேன். அன்றைக்கு நீ குரலைத் தாழ்த்திப் பேச வேண்டாம்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
சுஜா மரியஅந்தோணி